எழுதாமல் விட்ட மிச்சம்

அண்ணே,

நேற்றுக் காலை கூரியர்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் ஒரு சாவிக்கொத்து. அதில் பனங்கட்டையில் செதுக்கிய கட்டைவிரல் அளவுக் கதவு ஒன்று தொங்கியது. இரண்டு பலகை, நடுவில் குண்டூசி முனை மாதிரி ஒரு தாழ்ப்பாள். கூடவே ஓர் அட்டையில், எங்கள் படத்துக்குத் தோள் கொடுத்ததற்கு நன்றி என்று அச்சடித்திருந்தது. பணம் அனுப்பிய எல்லோருக்கும் ஜெனிபர் இதை அனுப்புகிறாள். துபாய்க்குப் போயிருக்கும், லண்டனுக்கும் போயிருக்கும். உங்கள் படம் முடிந்துவிட்டது, அண்ணே. சுவரொட்டியில் உங்கள் முகம் இல்லை. ஒரு கதவுதான் இருக்கிறது.

நீங்கள் இருந்தவரை உங்களுக்காக நான் எழுதியதெல்லாம் விண்ணப்பங்கள். ஓய்வூதிய அலுவலகத்துக்கு, வங்கிக்கு, மருத்துவ அட்டைக்கு. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், அடியில் உங்கள் கையெழுத்து இருக்கும். "பெரியப்பன் மகனுக்குச் சித்தப்பன் மக செய்யாம யாரு செய்வா" என்று நீட்டுவீர்கள். உங்களுக்கே எழுதுகிற முதல் கடிதம் இது. வாசிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுதவே துணிகிறேன்.

ஜெனிபரை உச்சிப்புளியில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது நான்தான். என்னிடம் ஆங்கிலம் படித்தவள். பாம்பன் தீவில் மீன்பிடிக் குடும்பம், முப்பத்து மூன்று வயது, கழுத்தில் சிலுவை, தோளில் எந்நேரமும் கேமராப் பை. உங்களைப் போல இந்தக் கரையில் பிறந்து, அமைதிப்படையில் துப்பாக்கியோடு கடல் தாண்டி, தன் மொழியே பேசுகிற ஊருக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் கதையைப் படமாக்க வேண்டும் என்று சென்னையில் அலைந்திருக்கிறாள். தயாரிப்பாளர் எவரும் அகப்படவில்லை. கடைசியில் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுப்பதென்று இறங்கிவிட்டாள். நடக்காது என்று அவளிடமே சொன்னேன். எதையும் நடக்காது என்று முதலில் சொல்லிவைப்பது என் வழக்கம். நடந்தால் யாரும் அதை ஞாபகப்படுத்துவதில்லை.

அன்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள்.

"அப்ப முன்னப்பின்ன தெரியாத ஆளெல்லாம் பணம் அனுப்புவான், அப்படித்தான?"

"ஆமா மாமா. கூட்டு நிதி."

"கூட்டு நிதியோ, கூட்டாஞ்சோறோ. இங்கன இதுக்கு மொய்யின்னு பேரு. மொய் செஞ்சவனுக்கு நாங்க எல போடுவோம். நீ என்னத்தப் போடுவ?"

"படத்துல பேர் போடுவோம் மாமா."

"பேரத் தொட்டுக்கிட்டுச் சோறு திங்கவா?"

உள்ளேயிருந்து மதினி குரல் கொடுத்தார்கள். "அவரு பேச்சக் கேக்காதம்மா. நேத்துலருந்து மீசைக்கு மை போட்டுக்கிட்டுத் திரியிறாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவராசாவும் சேர்ந்துகொண்டார். "அண்ணையின்ர வேசத்துக்கு ஆளே தேவையில்லை பிள்ளை. ஒரு வயர்லெஸ் பெட்டியே போதும். அங்க இருந்த காலம் முழுக்க அந்தப் பெட்டியை விட்டு அசையவே இல்லையாம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உங்களைப் பார்த்தேன். நீங்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தவராசா உங்கள் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தவர். மண்டபம் முகாமில் முப்பது வருடத்துக்கு மேலாக அகதியாக இருப்பவர். வெளிக்கதவுக்குக் கரும்பச்சை அடிக்கச் சொன்னீர்களாம். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அது ஆமிக்காரன்ர பச்சை, என்னால அடிக்க ஏலாது" என்று அவர் சொல்ல, நீங்கள் உடனே நீலத்துக்கு மாறிவிட்டீர்கள். அன்றைக்கே அவர் கேட்டிருக்கிறார், நீங்களும் பட்டாளத்தோடு அங்கே வந்தீர்களா என்று. வந்தேன், ஆனால் ராணுவ முகாமுக்குள் வயர்லெஸ் பெட்டியோடு இருந்தேன், வெளியே ஒரு தெருவையும் பார்த்ததில்லை என்றீர்கள். வேலை முடிந்த பிறகும் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தார். சீனியைத் தனியாகக் கடித்துக்கொண்டு, பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடிக்கப் பழக்கிவிட்டார். மதினிக்கு அந்தத் தேத்தண்ணி பிடிக்காது. அவரைப் பிடிக்கும். "இவரு வாய்க்கு ஈடுகொடுக்க அந்தாளு ஒருத்தர்தான்" என்பார்கள்.

அந்த வயர்லெஸ் பெட்டி பொய் என்று எனக்குத் தெரியும். மதுரை ஆஸ்பத்திரியில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பகலெல்லாம் நீங்கள்தான் துணை. மூன்றாம் நாள் மத்தியானம், ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தீர்கள்.

"யாருட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு தாயி. இப்ப ஒங்கிட்ட சொல்றேன். நீ எந்திரிச்சுப் போக முடியாதுல்ல."

உங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர். தெருவைச் சோதிக்கப் போகும்போது உங்களை முன்னால் நிறுத்துவார்கள். "அக்கா, கதவத் தெறங்க. ஒண்ணும் செய்யமாட்டோம்" என்று கூப்பிடுவது உங்கள் வேலை. தமிழ்க் குரல் என்றதும் திறந்துவிடுவார்களாம். அப்படித் திறந்த ஒரு வீட்டில் ஒரு தாயும் பதினேழு வயதுப் பையனும் இருந்திருக்கிறார்கள். பையனை விசாரணைக்கென்று வண்டியில் ஏற்றினார்கள். அந்தத் தாய் அதிகாரியிடம் போகவில்லை. உங்கள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எந்த ஊர் தம்பி என்று கேட்டிருக்கிறாள். ராமநாதபுரம் என்றிருக்கிறீர்கள். அப்ப நீ எங்கட பிள்ளைதானே என்றிருக்கிறாள்.

"பொழுது சாயுறதுக்குள்ள நானே கூட்டியாந்து விடுறேன்க்கான்னு சொல்லிப்புட்டேன். எனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? வாயில வந்துருச்சு. விடியக்காலையில எங்க ஆளுகள வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

ஒரு சுளையை என் கையில் வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னீர்கள். பார்த்த ஒவ்வொருவரிடமும் அந்தப் பையனைப் பற்றி விசாரித்ததை, எட்டு மாதம் கெஞ்சி அந்த வழியாகப் போகும் வண்டி ஒன்றில் இடம் வாங்கியதை, அதே தெருவில் இறங்கியதை. அந்த வீட்டின் முன்னால் நின்று கூப்பிட்டிருக்கிறீர்கள். பதில் இல்லை. பக்கத்து வீட்டில் கூப்பிட்டிருக்கிறீர்கள். எதிர் வீட்டிலும்.

"அதே குரல்தான். ஒரு கதவும் தெறக்கல தாயி."

பிறகு தோலையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தீர்கள். "இது ஒன்னோட இருக்கட்டும். மதினிக்குக்கூடத் தெரியாது. தவத்துக்குத் தெரியவே கூடாது. அவன் வாரத நிறுத்திருவான்."

"எனக்கு யாருட்டண்ணே சொல்ல இருக்கு?" என்றேன். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

ஜெனிபரின் நிதி வேண்டுகோளை ஆங்கிலத்தில் நான்தான் எழுதிக்கொடுத்தேன். அளந்து எழுதிய, பிழையில்லாத நான்கு பத்தி. மூன்று வாரம் போயிற்று. அவளுடைய கூட்டாளிகளையும் உறவினர்களையும் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். நல்ல இங்கிலீஷ்தான். ஆனா படிக்கிறவங்க நிக்க மாட்டேங்கிறாங்க. வினாத்தாள் மாதிரி இருக்குன்னு கேமராமேன் சொல்றான்."

இருபது வருடமாக அடுத்தவர் எழுத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வந்தவள் நான். அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று குத்தியது. அவளுக்கு உதவ வேண்டும் என்று எழுதினேன் என்று சொன்னால் பொய். என்னால் முடியும் என்று காட்டத்தான் எழுதினேன். அன்று மாலைக்குள் முடித்துவிட்டேன். கதவு, உங்கள் குரல், அந்தத் தாயின் கை, பையனின் நீலக் கோடு போட்ட சட்டை. பொழுது சாய்வதற்குள் கூட்டி வருகிறேன் என்ற உங்கள் வாக்கோடு நிறுத்தினேன். கீழே ஒரே வரி, மிச்சத்தைத் திரையில் பாருங்கள் என்று. நீங்கள் திரும்பிப் போனதை வேண்டுமென்றே விட்டேன். அதையும் சொன்னால் வாசிப்பவர் ஆறுதல் அடைந்துவிடுவார், ஆறுதல் அடைந்தவர் பணம் அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கு தப்பவில்லை என்பதுதான் அசிங்கம்.

ஜெனிபர் இரண்டு முறை வாசித்தாள். "மிஸ், மாமா இத எங்கிட்ட சொன்னதே இல்லையே. போடலாம்னு ஒத்துக்கிட்டாரா?"

"ம்" என்றேன்.

ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, நம் பக்கம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தே நாளில் எங்கெங்கிருந்தோ பணம் வந்தது. நீங்கள் போன் செய்தீர்கள். "என்னத்தா எழுதுன, இந்தப் பிள்ள இந்தக் குதி குதிக்கிது?" பொதுவாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். "படிச்சவ படிச்சவதான்" என்றீர்கள்.

அதோடு போயிருந்தால் ஒருவேளை நான் தப்பித்திருப்பேன். ஆனால் நம் சனம் கேட்கவில்லை. நம்ம ஆளப் பத்தின படத்துக்கு நாங்க குடுக்கக் கூடாதா என்று உச்சிப்புளியிலும் புதுமடத்திலும் ஆளாளுக்குக் கேட்டார்கள். போனில் அனுப்பலாமே என்றால், "அதுல அனுப்புனா யாரு மைக்குல வாசிப்பா?" என்றார்கள். அதனால் கல்யாண மகால் பிடித்து, சோறு ஆக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முறைப்படி மொய் விருந்தாகவே வைத்தார்கள். வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. உங்களை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். மைக்கில் வாசிக்க, கல்யாண வீடுகளில் வாசிக்கும் அதே ஆள்.

"கடலாடி முத்துராமலிங்கம், ஐநூத்தி ஒண்ணூ..."

"ஏலே, இன்சியல விட்டுட்ட!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம். "எங்கூர்ல நாலு முத்துராமலிங்கம் இருக்கான். எவன் குடுத்தான்னு தெரிய வேணாமா?"

மறுபடி இன்சியலோடு வாசித்தார். சிரிப்பு அடங்கியதும் பந்தி மாறியது, மொய் எழுதும் மேசையில் ஆள் குறைந்தது. மைக்கைச் சும்மா விடுவது அந்த ஆளுக்குப் பழக்கமில்லை. கல்யாண வீடாக இருந்தால் பத்திரிகையை எடுத்து வாசிப்பார். இங்கே மேசையில் நோட்டீஸ் கிடந்தது. என் ஆங்கிலத்தைச் சென்னையில் யாரோ தமிழாக்கி அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அப்படி ஒன்று வந்திருப்பதே அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

"அக்கா... கதவைத் திறங்கள்... ஒன்றும் செய்யமாட்டோம்..." என்று அவர் குரலை நடுக்கி நடுக்கி வாசித்தார். ஸ்பீக்கர் அதைக் கடைத்தெரு வரைக்கும் கொண்டுபோயிற்று. பந்தியில் பரிமாறியவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

நீங்கள் சால்வையோடு திரும்பி என்னைத் தேடினீர்கள். கண்டதும் கோபப்படவில்லை. கணக்கில் பிழை விட்டவனைப் போல ஒரு முகம். பிறகு உங்கள் கண் மேசைப் பக்கம் போயிற்று. அங்கே தவராசா கையில் மொய்க் கவரோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வரிசையை விட்டு விலகவில்லை. முறை வந்ததும் கவரைக் கொடுத்தார். "மண்டபம் முகாம் தவராசா" என்று தன் பெயர் மைக்கில் ஒலிக்கும்வரை நின்றார். பிறகு உங்களிடம் வந்தார். நான் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தேன்.

"எங்கட வாசலிலயும் ஒரு தமிழ்க் குரல்தான் அண்ணை கூப்பிட்டது. அம்மா திறந்தவ. அது நீங்கள் இல்லை, எனக்குத் தெரியும். அது கட்டைக் குரல். பெட்டியோட இருந்தனான் எண்டு ஏன் அண்ணை சொன்னனீங்கள்?"

நீங்கள் எழுந்து அவர் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூப்பிட்டீர்கள். "வா தவம், மொதல்ல சாப்பிடு." அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். மொய் செய்தவர் கை நனைக்காமல் படியிறங்கினால் நம் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் அவருக்கும் தெரியும். அவர் படியிறங்கிப் போனார்.

கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்தீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"விடு. எழுதிட்ட. மிச்சத்தையும் எழுதியிருக்கலாம்ல?" என்றீர்கள்.

இன்று வரைக்கும் எனக்குக் கிடைத்த ஒரே திட்டு அதுதான்.

நீங்கள் இரண்டு முறை முகாமுக்குப் போனீர்கள். தவராசா நாற்காலி போட்டாராம், தேத்தண்ணி கொடுத்தாராம், வர்ண டின் விலை ஏறியதைப் பற்றிப் பேசினாராம். உங்களால் ஆரம்பிக்கவே முடியவில்லை. பிறகு என்னிடம் கேட்டீர்கள். "நீ ஒரு எட்டு போயிட்டு வா தாயி. நான் திரும்பிப் போயித் தேடுனேன்னு சொல்லு. நான் சொன்னா இன்னொரு பொய்யும்பான். நீ எழுதுனத நம்புனவன், நீ சொன்னா நம்புவான்."

போகிறேன் என்றேன். அந்த வாரம் விடைத்தாள் திருத்தும் வேலை. அடுத்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் ஒரு மணி நேரப் பயணம்தான், அண்ணே. எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. அவர் முன்னால் போய் நின்று, நீங்கள் திரும்பிப் போனதை வெட்டியது நான்தான் என்று சொல்ல முகம் இல்லை. மூன்றாம் முறை போன் செய்தபோது நான் பதில் தேடுவதற்குள் நீங்களே சொல்லிவிட்டீர்கள். "சரி சரி. ஒனக்கு சோலி கெடக்கும்." அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் இரண்டு நாற்காலி எடுத்துப் போடுகிறார் என்று மதினி ஒரு தடவை சொன்னார்கள். அதைக் கேட்டும் நான் போகவில்லை.

பங்குனியில் ஒரு காலை, பால் வாங்கப் போன இடத்தில் உட்கார்ந்த நீங்கள் மறுபடி எழவில்லை.

தவராசா வந்திருந்தார். தெருமுனையில் மாலையோடு நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. தூக்கும்போது வண்டிக்கு அருகே வந்து மாலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போதும் அவரிடம் நான் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். முகாமில் வீட்டுக்கு முன்னால் தூரிகைகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். அவர் ஸ்டூலை நகர்த்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் எட்டு மாதத்தை, அந்தத் தெருவில் நீங்கள் மறுபடி நின்றதை, திறக்காத கதவுகளை, அதை எழுதாமல் விட்டது ஏன் என்பதை.

ஒரு தூரிகையை எடுத்து டின் விளிம்பில் வழித்தபடி, "இதை அந்த மனுசன் எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்ல முடியலன்னுதான் என்னைய அனுப்பினாரு. நான்தான் வரல."

அவர் என்னைக் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஊர் எண்டு சொன்னவரோ?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க எங்கட அக்காவின்ர ஆக்கள் இருக்கினம். இப்ப போன் இருக்குத்தானே, விசாரிக்கலாம். உயிரோட இருந்தா அம்பது வயசு தாண்டியிருக்கும். பொடியன்ர பேர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை.

நீங்கள் சொன்னீர்கள், அண்ணே. அந்த மத்தியானம் ஒரு முறை இல்லை, இரண்டு மூன்று முறை சொன்னீர்கள். சட்டையின் நிறம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுத்துக்கு அது தேவைப்பட்டது. வயது ஞாபகம் இருக்கிறது. பேரை மட்டும், வெளிநாட்டில் வாசிப்பவருக்கு வாயில் நுழையாது என்று ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டு, ஒரு பையன் என்று எழுதினேன். பழைய தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். எதிலும் இல்லை. மதினிக்குத் தெரியாது. வேறு யாரிடமும் நீங்கள் சொன்னதில்லை. படத்தில் ஜெனிபர் அவனுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறாள். அது அவன் பேர் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

"யோசிச்சுப் பாருங்கோ. ஞாபகம் வந்தா எந்த நேரமெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ" என்றார் தவராசா. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவரே போன் செய்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். பரவாயில்லை என்கிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பேரை நீங்கள் ஒரு இடத்திலும் தவறவிடவில்லை. என்னிடம் தந்தீர்கள்.

காலையில் முதல் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறேன். முன்பெல்லாம் தலை நிமிராமல் எண்ணைக் கூப்பிடுவேன். இப்போது பேரைக் கூப்பிடுகிறேன். கூப்பிட்டுவிட்டு, காதில் எங்கேயாவது தட்டுகிறதா என்று ஒரு நொடி நிற்கிறேன். "பிரசன்ட் மேம்" என்று ஒரு பையன் எழுந்து நிற்கிறான். இல்லை, இது இல்லை. அடுத்த பேரைக் கூப்பிடுகிறேன்.